கரையும் ஸ்டென்ட் வரும்வரை காத்திருக்கலாமா?

தஞ்சை மாவட்டத்திலிருந்து ஒரு வாசகி நீளமான கடிதம் எழுதியிருக்கிறார். பெயரும் ஊரும் வேண்டாம் என்று கேட்டிருப்பதால் சாரத்தை மட்டும் தருகிறேன்.

அவருடைய அப்பாவுக்கு 64 வயது. 12 வருடமாகச் சர்க்கரை. மூன்று மாதமாக மாடிப்படி ஏறினால் நெஞ்சில் ஓர் அழுத்தம். நின்று கொஞ்சம் மூச்சு வாங்கினால் ஐந்து நிமிடத்தில் விட்டுவிடுகிறது. எக்கோவில் இதயத்தின் பம்பிங் நன்றாக இருக்கிறது. ஆஞ்சியோகிராமில் எல்.ஏ.டி. என்ற முக்கியக் குழாயின் நடுப்பகுதியில் 80 சதவீத அடைப்பு, வலது குழாயில் 40 சதவீதம். ஸ்டென்ட் (அடைத்த குழாயை விரித்துத் தாங்கிப் பிடிக்கும் சின்ன வலைக்குழல்) வைக்கச் சொல்லி, கட்டணத் தாள் ஒன்றைக் கொடுத்து, இரண்டு நாளில் முடிவு சொல்லுங்கள் என்றிருக்கிறார்கள். தாளில் மூன்று வரிகள்: மருந்து பூசிய ஸ்டென்ட், பயோடிகிரேடபிள் பாலிமர் ஸ்டென்ட் (பக்கத்தில் ‘லேட்டஸ்ட்’ என்று பேனாவால் எழுதியிருக்கிறது), மருந்து பூசிய பலூன்.

சிங்கப்பூரில் இருக்கும் தம்பி, ‘அமெரிக்காவில் 2024-ல் கரையும் ஸ்டென்டுக்கு அனுமதி கொடுத்துவிட்டார்கள், இங்கே வரட்டும், பொறுங்கள்’ என்று ஒரு செய்தியை அனுப்பியிருக்கிறார். மாமா, ‘பலூன்தான் நல்லது, உள்ளே எதையும் விட்டு வராது’ என்கிறார். அம்மாவுக்கு, உடம்புக்குள் உலோகம் இருந்தால் நாளைக்கு எம்.ஆர்.ஐ. எடுக்க முடியாதே என்ற பயம். அப்பாவோ, ‘மருந்து ஸ்டென்டிலேயே இருக்கே, அப்புறம் மாத்திரை எதுக்கு?’ என்று கேட்கிறார். இப்போது கொடுத்திருக்கும் ஆஸ்பிரினையும் கொழுப்பு மாத்திரையையும் ஒரு நாள் விட்டு ஒரு நாள்தான் போடுகிறாராம். எதை வைப்பது, காத்திருக்கலாமா, செலவு நியாயம்தானா என்பது வாசகியின் கேள்வி.

சகோதரி, உங்கள் கடிதத்தில் என்னை உறுத்தியது அந்தக் கடைசி விஷயம்தான், ஒரு நாள் விட்டு ஒரு நாள் போடும் மாத்திரை. எந்த ஸ்டென்ட் என்ற கேள்வி இரண்டு வாரம் காத்திருக்கும். மாத்திரை காத்திருக்காது. இன்று ராத்திரியிலிருந்து தினமும் போட வையுங்கள். ஏன் என்பதைப் பின்னால் சொல்கிறேன். முதலில் உங்கள் வீட்டுக் குழப்பத்தைப் பிரித்துவிடுவோம். எல்லோரும் ‘கரையும் ஸ்டென்ட்’ என்றுதான் பேசுகிறீர்கள், ஆனால் ஆளாளுக்கு வேறு வேறு பொருளைச் சொல்கிறீர்கள்.

தம்பி படித்தது காலுக்கான ஸ்டென்ட்

2024 ஏப்ரலில் அமெரிக்க மருந்து ஒழுங்குமுறை அமைப்பான எஃப்.டி.ஏ. அனுமதித்தது அபாட் நிறுவனத்தின் ‘எஸ்ப்ரிட்’ என்ற கரையும் சாதனம். அது முழங்காலுக்குக் கீழே உள்ள ரத்தக்குழாய்களுக்கானது. சர்க்கரை நோயில் காலுக்கு ரத்தம் போகாமல் புண் ஆறாதவர்கள், காலை எடுக்க வேண்டிய நிலையில் இருப்பவர்கள், இவர்களுக்கு அது பெரிய விஷயம். 261 பேரிடம் செய்த ஆய்வில் வெறும் பலூன் சிகிச்சையோடு ஒப்பிட்டார்கள். ஒரு வருடத்தில் காலை இழக்காமலும், குழாய் மறுபடி அடைக்காமலும், மறு சிகிச்சை தேவைப்படாமலும் இருந்தவர்கள் இதில் 74 சதவீதம், பலூனில் 44 சதவீதம். நல்ல முடிவுதான். ஆனால் உங்கள் அப்பாவின் இதயத்துக்கும் அதற்கும் சம்பந்தமில்லை.

இதயத்துக்கான கரையும் ஸ்டென்ட் இனிமேல் வரப்போகிற ஒன்று என்று தம்பி நினைக்கிறார். அது வந்து, போயும் விட்டது. இந்தக் கதையைக் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன், ஏனென்றால் ‘லேட்டஸ்ட்’ என்ற சொல்லைக் கேட்டால் என்ன கேள்வி கேட்க வேண்டும் என்பது இதில்தான் இருக்கிறது.

அதே அபாட் நிறுவனம் ‘அப்சார்ப்’ என்ற பெயரில் இதயக் குழாய்க்கு ஒன்றைச் செய்தது. பொருள், பாலிலாக்டிக் அமிலம். கரையும் தையல் நூல்களில் பயன்படும் பாலிமர் குடும்பத்தைச் சேர்ந்தது. உடம்பில் மெல்ல மெல்ல லாக்டிக் அமிலமாக உடைந்து, கடைசியில் கார்பன் டை ஆக்சைடும் தண்ணீருமாகிவிடும். முழுதும் கரைய ஏறக்குறைய மூன்று வருடம். யோசனை அருமையானது. குழாயைத் தாங்கிப் பிடிக்கச் சாரம் வேண்டியது முதல் சில மாதங்களுக்குத்தான். அப்புறம் அது எதற்கு அங்கே ஆயுள் முழுக்க? ஐரோப்பாவில் 2011 வாக்கில் புழக்கத்துக்கு வந்தது, இந்தியாவிலும் விற்றது, 2016 ஜூலையில் அமெரிக்காவும் அனுமதித்தது. எங்கள் துறையில் அப்போது இருந்த உற்சாகம் கொஞ்சநஞ்சமல்ல.

சிக்கல் பொருளிலேயே இருந்தது. உலோகத்தின் வலு பாலிமருக்குக் கிடையாது. அதே வலு வேண்டுமென்றால் கம்பியைத் தடிமனாக்க வேண்டும். நல்ல உலோக ஸ்டென்டின் கம்பி 80 மைக்ரான் என்றால் இது 150 மைக்ரான் (ஆயிரம் மைக்ரான் ஒரு மில்லிமீட்டர்). வாய்க்காலில் பெரிய கல் கிடந்தால் அதன் பின்னால் தண்ணீர் சுழன்று குப்பை சேருமே, தடித்த கம்பிக்குப் பின்னால் ரத்தமும் அப்படித்தான் தேங்கும். தேங்கினால் உறையும். 2,008 பேரிடம் நடந்த பெரிய ஆய்வில் ஒரு வருட முடிவு ‘பரவாயில்லை, உலோகத்துக்கு ஈடு’ என்று சொல்லும்படி இருந்தது. அதை வைத்துத்தான் அனுமதியே கிடைத்தது. மூன்று வருட முடிவில், ஸ்டென்டுக்குள் ரத்தம் உறைந்தவர்கள் கரையும் வகையில் 2.3 சதவீதம், உலோகத்தில் 0.7 சதவீதம். 2017 மார்ச்சில் எஃப்.டி.ஏ. எச்சரிக்கைக் கடிதம் அனுப்பியது. அந்த செப்டம்பரில் நிறுவனமே விற்பனையை நிறுத்திவிட்டது.

இதோடு அந்த யோசனை செத்துவிடவில்லை. ஐந்து வருடம் தொடர்ந்து பார்த்தபோது, மூன்றாவது வருடத்துக்குப் பிறகு, அதாவது சாரம் கரைந்த பிறகு, இரண்டு வகைக்கும் வித்தியாசம் மறைந்துவிட்டது. ஆக, கரைந்தபின் பிரச்சினை இல்லை. கரையும் வரைக்கும்தான் ஆபத்து. அதனால் மெல்லிய கம்பியோடு அடுத்த தலைமுறைச் சாதனங்கள் வருகின்றன. குஜராத் வாபியில் இருக்கும் மெரில் நிறுவனம் 100 மைக்ரானில் ‘மெரெஸ்100’ செய்தது. ஜெர்மனியின் பயோட்ரானிக் மக்னீசியம் உலோகக் கலவையில் செய்தது. நம்பிக்கை தருகிறவைதான். ஆனால் மெரெஸின் முதல் ஆய்வில் இருந்தவர்கள் 108 பேர், அவர்களும் சிக்கலில்லாத அடைப்பு உள்ளவர்களாகத் தேர்ந்தெடுக்கப்பட்டவர்கள். நூற்றில் ஒன்று, இரண்டு பேருக்கு வரும் ஆபத்தை 108 பேரில் கண்டுபிடிக்க முடியாது. என் அப்பாவாக இருந்தால், எல்.ஏ.டி.யில் இப்போதைக்கு உலோகத்தைத்தான் வைக்கச் சொல்வேன்.

‘லேட்டஸ்ட்’ என்று எழுதிய வரி

கட்டணத் தாளின் இரண்டாவது வரியில் கரைவது ஸ்டென்ட் அல்ல, அதன்மேல் பூசியிருக்கும் பூச்சு. மருந்தை உலோகத்தின் மேல் நேராகப் பூசினால் சீக்கிரமே கழுவிப் போய்விடும் என்பதால், பெரும்பாலான ஸ்டென்டுகளில் அதை ஒரு பாலிமரில் கலந்து சில மைக்ரான் தடிமனுக்குப் பூசுகிறார்கள். சில ஸ்டென்டுகளில் அந்தப் பாலிமர் நிரந்தரமாக இருக்கும். சிலவற்றில் சில மாதங்களில் கரைந்துபோகும். இரண்டிலும் அடியில் இருக்கும் உலோகம் அப்படியேதான் இருக்கும். யாராவது ‘இது கரைந்துவிடும்’ என்று உங்களிடம் சொல்லியிருந்தால் பாதி உண்மையைச் சொல்லியிருக்கிறார்கள்.

பாலிமர் கரைவது நல்லதா? 2006-ல், முதல் தலைமுறை மருந்து ஸ்டென்டுகளில் ஒரு வருடம் கழித்தும் ரத்தம் உறைகிறது என்ற பெரிய சர்ச்சை எழுந்தது. அன்றைய பாலிமர்மேல் அப்போது சந்தேகம் விழுந்தது. கரையும் பூச்சுகளில் ஆர்வம் கூடியது அதன் பிறகுதான். ஆனால் அதற்குள் நிரந்தரப் பாலிமர்களும் மேம்பட்டுவிட்டன. இன்றைய நல்ல ஸ்டென்டுகளில் இரண்டு வகையும் ஏறக்குறைய ஒரே தரம். இந்த ஒரு காரணத்துக்காக அதிகம் கொடுக்க வேண்டியதில்லை. ‘இந்தியத் தயாரிப்பு வேண்டாம்’ என்று ஒரு வரி எழுதியிருக்கிறீர்கள். அந்தப் பயமும் தேவையில்லை. சூரத்தில் தயாராகும் ‘சுப்ராஃப்ளெக்ஸ்’ ஸ்டென்டை ஐரோப்பாவின் ஏழு நாடுகளில் 1,435 பேரிடம், உலகின் முன்னணி ஸ்டென்டான ‘சைன்ஸ்’ உடன் நேருக்கு நேர் வைத்துப் பார்த்தார்கள். ஒரு வருட முடிவில் குறைந்ததாக இல்லை. 2019-ல் லான்செட் இதழில் வந்தது.

மாமா சொல்லும் பலூன்

மாமா சொல்வதில் நியாயம் இருக்கிறது. மருந்து பூசிய பலூன், அடைப்பு இருக்கும் இடத்தில் அரை நிமிடமோ ஒரு நிமிடமோ விரிந்து, மருந்தைக் குழாய்ச் சுவரில் ஒற்றிவிட்டு வெளியே வந்துவிடும். ஏற்கெனவே வைத்த ஸ்டென்டுக்குள் மறுபடி அடைத்தால் இது நல்ல வழி. 2024-ல் அமெரிக்காவில் அனுமதி கிடைத்ததும் அந்தத் தேவைக்குத்தான். 3 மில்லிமீட்டருக்குக் குறைவான சின்னக் குழாய்களிலும் ஸ்டென்டுக்கு ஈடாக நிற்கிறது.

ஆனால் புதிதாக வந்த அடைப்புக்கு, குழாய் எந்த அளவாக இருந்தாலும் பலூன் போதுமா? இதைச் சீனாவில் 2,272 பேரிடம் பார்த்தார்கள். இரண்டு வருடத்தில் இதயம் தொடர்பான மரணம், மாரடைப்பு, மறு சிகிச்சை ஆகியவை சேர்ந்து பலூன் பிரிவில் 6.4 சதவீதம், ஸ்டென்ட் பிரிவில் 3.4. உங்கள் அப்பாவுக்கு அடைப்பு இருப்பது எல்.ஏ.டி.யின் நடுவில். ‘அந்த இடத்தில் குழாய் எத்தனை மில்லிமீட்டர்?’ என்று டாக்டரிடம் கேளுங்கள். 3 அல்லது அதற்கு மேல் என்றால் மாமாவிடம் மரியாதையாக மறுத்துவிடலாம்.

மருந்து ஸ்டென்டில் இருக்கும்போது மாத்திரை எதற்கு?

அப்பாவின் கேள்வி நல்ல கேள்வி. பலரும் மனதுக்குள் வைத்துக்கொண்டு, கேட்காமலே மாத்திரையை நிறுத்திவிடுவார்கள். அவர் வாய்விட்டாவது கேட்டார்.

ஸ்டென்டில் இருக்கும் மருந்து ரத்தம் உறைவதைத் தடுக்கும் மருந்தே அல்ல. அது சிரோலிமஸ் அல்லது அதன் சொந்தக்கார மருந்து. 1960-களில் பசிபிக் கடலின் ஈஸ்டர் தீவு மண்ணில் எடுத்த ஒரு நுண்ணுயிரிலிருந்து கிடைத்தது; அதைப் பிரித்தெடுத்து, நிறுவனம் கைவிட்டபோதும் விடாமல் காப்பாற்றியவர் சுரேன் சேகல் என்ற இந்திய வம்சாவளி விஞ்ஞானி. சிறுநீரக மாற்று சிகிச்சையில் உடம்பு புதுச் சிறுநீரகத்தை ஒதுக்காமல் இருக்கத் தருவதும் இதையேதான். செல்கள் பெருகுவதை இது தடுக்கும். பலூனால் குழாயை விரிக்கும்போது உள்சுவரில் காயம் ஏற்படுகிறது. அந்தக் காயம் ஆறும் வேகத்தில் தசைச் செல்கள் அளவுக்கு மீறி வளர்ந்து மறுபடி குழாயை அடைக்கும். மருந்தில்லாத ஸ்டென்ட் வைத்தவர்களில் ஐந்தில் ஒருவருக்காவது இப்படி ஆனது. ஒரு மில்லிகிராமில் பத்தில் ஒரு பங்கு அளவுள்ள மருந்து, மூன்று நான்கு மாதத்துக்குச் சிறுகச் சிறுகக் கசிந்து அதைத் தடுக்கிறது. அதன் வேலை அவ்வளவுதான்.

இதில் ஒரு விலையும் உண்டு. தசைச் செல் வளர்ச்சியைத் தடுக்கும் மருந்து, கம்பியின் மேல் மெல்லிய உள்தோல் படர்வதையும் தாமதப்படுத்தும். அதுவரை உலோகம் ரத்தத்தில் வெறுமனே நிற்கும். ரத்தத் தட்டுகள் அதில் ஒட்டப் பார்க்கும். ஆஸ்பிரின், குளோபிடோக்ரெல் என்ற இரண்டு மாத்திரைகளும் தடுப்பது அதை. ஆக, ஸ்டென்டில் மருந்து இருப்பதால்தான் மாத்திரை கூடுதல் நாளுக்குத் தேவைப்படுகிறது! அப்பா நினைப்பதற்கு நேர் எதிர். மாரடைப்பு வந்த அவசரத்தில் அல்லாமல், திட்டமிட்டு வைக்கும் ஸ்டென்டுக்குப் பொதுவாக இரண்டு மாத்திரையும் ஆறு மாதம், அப்புறம் ஒன்று மட்டும் தொடர்ந்து. ரத்தக்கசிவு ஆபத்து உள்ளவர்களுக்கு டாக்டர் இதைக் குறைப்பார். அவர் குறைக்கட்டும், நீங்களாகக் குறைக்க வேண்டாம். பல் பிடுங்கப் போன இடத்தில் ‘ரெண்டு நாள் நிறுத்திட்டு வாங்க’ என்றால்கூட இதய டாக்டருக்கு ஒரு போன் போட்டுவிட்டு முடிவெடுங்கள். திடீரென்று நிறுத்தி, ஸ்டென்டுக்குள் உறைந்தால் அது சாதாரண மாரடைப்பைவிட மோசமாக முடியலாம்.

வீட்டில் ஒருவர் பொறுப்பெடுத்துத் தினமும் மாத்திரை போட வைக்க வழியில்லை என்றால், அதைத் தயங்காமல் சிகிச்சைக்கு முன்பே டாக்டரிடம் சொல்லிவிடுங்கள். அவருடைய முடிவையே அது மாற்றலாம்.

உண்மையில் காத்திருக்கலாமா?

காத்திருக்கலாம். ஆனால் தம்பி சொல்லும் காரணத்துக்காக அல்ல.

நடந்தால் வருகிறது, நின்றால் போகிறது, பம்பிங் நன்றாக இருக்கிறது, ஓய்வில் வலி இல்லை. இதை நிலையான ஆஞ்சைனா என்போம். இப்படிப்பட்டவர்களுக்கு ஸ்டென்ட் வைத்தால் மாரடைப்பும் மரணமும் குறையும் என்றுதான் எல்லோரும் நினைக்கிறார்கள். 37 நாடுகளில் 5,179 பேரிடம் செய்து 2020-ல் வெளியான ‘இஸ்கீமியா’ ஆய்வு அப்படிச் சொல்லவில்லை. நல்ல மருந்தோடு மட்டும் ஆரம்பித்தவர்களுக்கும், உடனே ஸ்டென்டோ பைபாஸோ செய்தவர்களுக்கும் மரணத்திலும் மாரடைப்பிலும் கவனிக்கத்தக்க வித்தியாசம் இல்லை. நெஞ்சு அழுத்தம் குறைவதில் ஸ்டென்ட் தெளிவாக முந்தியது. மருந்தோடு ஆரம்பித்தவர்களில் ஐந்தில் ஒருவர் போல நான்கு வருடத்துக்குள் ஸ்டென்டுக்கோ பைபாஸுக்கோ வந்தார்கள். இடது பிரதானக் குழாயில் (எல்.ஏ.டி. கிளை பிரிவதற்கு முந்தைய தாய்க்குழாய்) அடைப்பு உள்ளவர்களையும், சமீபத்தில் மாரடைப்பு வந்தவர்களையும், பம்பிங் மிகவும் குறைந்தவர்களையும் அந்த ஆய்வில் சேர்க்கவில்லை. நீங்கள் எழுதியதை வைத்துப் பார்த்தால் அப்பா இந்த விலக்குகளில் வரமாட்டார்.

எனவே இரண்டு நாள் கெடு இந்த நிலைக்குப் பொருந்தாது. வலி குறைக்கும் மருந்தைச் சரியாகச் சேர்த்து, சில வாரம் பார்த்து, அப்போதும் மாடிப்படி ஏற முடியவில்லை என்றால் ஸ்டென்ட் வைப்பது ஒரு வழி. இப்போதே வைத்து நிம்மதியாக நடப்பது இன்னொரு வழி. இரண்டுமே மருத்துவத்தில் ஏற்கத்தக்கவை. அப்பா அன்றாடம் எவ்வளவு சிரமப்படுகிறார் என்பதுதான் தீர்மானிக்க வேண்டும். மருந்து வழி என்றால் தினமும் முழுசாக. ஒரு நாள் விட்டு ஒரு நாள் என்பது எந்த வழியிலும் சேராது.

ஆனால், உட்கார்ந்திருக்கும்போதே வலி வந்தாலோ, முன்னைவிடக் குறைந்த நடையிலேயே வந்தாலோ, வியர்த்துக் கொட்டி 15 நிமிடத்துக்கு மேல் நீடித்தாலோ, நான் மேலே சொன்ன எதுவும் பொருந்தாது. 108-ஐக் கூப்பிடுங்கள். தமிழக அரசின் ‘இதயம் காப்போம்’ திட்டத்தில் ஆரம்ப சுகாதார நிலையத்திலேயே மாரடைப்புக்கான முதல் மாத்திரைகள் இருக்கின்றன. பெரிய ஊருக்குப் போகும் வழியில் அங்கே போட்டுக்கொண்டு போகலாம்.

நான் படத்தைப் பார்க்கவில்லை என்பதையும் மனதில் வையுங்கள். ஆஞ்சியோகிராம் சி.டி.யையும் அறிக்கையையும் கேட்டு வாங்குங்கள். நோயாளி கேட்டால் 72 மணி நேரத்துக்குள் பதிவுகளைத் தர வேண்டும் என்பது மருத்துவர்களுக்கான விதி. இன்னொரு இதய மருத்துவரிடம் காட்டி இரண்டு கேள்வி கேளுங்கள்: அடைப்பின் தாக்கத்தை பிரஷர் வயர் (குழாய்க்குள் ரத்த அழுத்தத்தை அளக்கும் மெல்லிய கம்பி) வைத்து அளந்தார்களா? வலது குழாயின் 40 சதவீதத்தை விட்டுவிடலாமா? சர்க்கரை உள்ளவருக்கு இரண்டு மூன்று குழாய்களில் பெரிய அடைப்பு இருந்தால் ஸ்டென்டைவிட பைபாஸ் நல்லது என்று 2012-லேயே தெரிந்துவிட்டது. உங்கள் அப்பா அந்த நிலையில் இல்லை என்றே தோன்றுகிறது, ஆனாலும் படத்தைப் பார்த்த ஒருவர் சொல்லட்டும்.

செலவு

மத்திய அரசின் மருந்து விலை ஆணையம் 2017 பிப்ரவரியில் ஸ்டென்டுக்கு உச்சவரம்பு வைத்தது. மருந்து பூசியதற்கு அன்று 29,600 ரூபாய்; கரையும் வகையையும் அதே வரம்பில்தான் சேர்த்தார்கள். பிறகு திருத்தங்கள் வந்து, 2025 ஏப்ரலில் 39,000-ஐ ஒட்டி இருந்தது, ஜி.எஸ்.டி. தனி. ‘லேட்டஸ்ட்’ வரிக்கு இதைவிட அதிகம் போட்டிருந்தால் கேள்வி கேட்க உங்களுக்கு உரிமை உண்டு. பில்லில் ஸ்டென்டின் விலை, பிராண்ட் பெயர், தயாரிப்பாளர், பேட்ச் எண் ஆகியவற்றைத் தனியாகக் காட்ட வேண்டும் என்பதும் அதே ஆணையில் இருக்கிறது. ‘பேக்கேஜ்’ என்று ஒரே தொகையாக எழுதிக் கொடுத்தால் பிரித்துத் தரச் சொல்லுங்கள். பலூன் இந்த உச்சவரம்பில் வராது. மூன்றாவது வரியைப் பார்க்கும்போது அதையும் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

குடும்ப ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாய்க்குள் என்றால் முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தில் இந்தச் சிகிச்சை வரும். காப்பீட்டு அட்டை இருக்கிறதா என்று நீங்கள் எழுதவில்லை. அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகள் பலவற்றிலும் இன்று கேத் லேப் (ஆஞ்சியோகிராம் எடுத்து ஸ்டென்ட் வைக்கும் அறை) இருக்கிறது. அங்கே வைப்பதும் மருந்து பூசிய ஸ்டென்ட்தான்.

அம்மாவிடம் சொல்லுங்கள், இன்றைய ஸ்டென்டுகள் காந்தத்தில் இழுபடாத உலோகக் கலவையில் செய்தவை. வைத்த பிறகு தேவைப்பட்டால் எம்.ஆர்.ஐ. எடுக்கலாம். ஸ்டென்ட் வைத்த பிறகு மருத்துவமனை தரும் ஸ்டென்ட் அட்டையை மட்டும் பத்திரமாக வைத்திருந்து, ஸ்கேன் எடுப்பவரிடம் முதலிலேயே காட்ட வேண்டும். அட்டையை ஒரு போட்டோ எடுத்துத் தம்பிக்கும் அனுப்பிவையுங்கள்.